வாசகரை வேலைக்கு அழைத்தவர்



'இணையத்தில் பத்திரிகை நடத்திப் பிழைக்க முடியுமா?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. பொதுவாகப் பேசினால் 'முடியும், ஆனால் கஷ்டம்' என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் என்ன செய்தார், பணத்துக்கு என்ன வழி பண்ணினார் என்று பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் ஜோஷ் மார்ஷல். அமெரிக்கர். 'டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ' என்ற அரசியல் வலைப்பதிவைத் தொடங்கி, அதை ஒரு செய்தி நிறுவனமாக வளர்த்து, இன்றும் தானே ஆசிரியராக நடத்துகிறவர்.

இந்தத் தொழிலில் அவரைவிடப் பெரிய பணம் பார்த்தவர்கள் உண்டு. அரியானா ஹஃபிங்டன் 2005 மே மாதம் தொடங்கிய 'ஹஃபிங்டன் போஸ்ட்'டை ஆறே ஆண்டில் ஏஓஎல் நிறுவனம் 31.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதற்கு எழுதிக்கொடுத்த பதிவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு காசு கிடையாது. அது வழக்காகி, தள்ளுபடியும் ஆனது. மைக்கேல் ஆரிங்டன் 'டெக்கிரஞ்ச்'சை 2010இல் அதே ஏஓஎல்லுக்கு விற்றார். நிக் டென்டனின் 'காக்கர்' 2016இல் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் தொடுத்த வழக்கில் 14 கோடி டாலர் தீர்ப்பு வாங்கித் திவாலானது. ஹோகனின் வழக்குச் செலவைப் பின்னாலிருந்து கொடுத்தவர் பீட்டர் தீல் என்ற கோடீஸ்வரர். டெல்லியில் பிறந்து அமெரிக்கா போன ஓம் மாலிக்கின் 'கிகாஓம்', அவர் முழுநேரப் பொறுப்பிலிருந்து விலகிய அடுத்த ஆண்டே, 2015 மார்ச்சில், கடன்காரர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் நின்றுபோனது. இந்தக் கதைகள் எல்லாம் சுவையானவைதான். எனக்கு என்னவோ விற்காமலும் மூடாமலும் இருந்தவர் மேல்தான் ஆர்வம்.

மார்ஷல் 1969இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, பிரவுன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். 17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக்குக் குடியேறிய ஆங்கிலேயருக்கும் அங்கிருந்த பூர்வகுடிகளுக்கும் இடையே நிலம் எப்படிக் கைமாறியது, கூலி எப்படி நடந்தது, வன்முறை எங்கே வெடித்தது என்பது ஆய்வு. அரசியல் நிருபருக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். பழைய ஆவணங்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: ஒருவர் இன்றைக்குப் பேசுவதைக் கேட்டதும், இவர் இருபது வருடத்துக்கு முன்னால் என்ன சொன்னார் என்று தேடிப் போவார். அந்தப் பழக்கம்தான் பின்னால் அவருக்குச் சோறு போட்டது.

படிப்புக்கு நடுவே, 90களின் மத்தியில், வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார். இணையச் சட்டம் பற்றி ஒரு செய்தித் தளமும் நடத்தினார். எழுதத் தெரிந்தவர்கள் கணினி வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்த காலம் அது. பிறகு வாஷிங்டன் வந்து 'தி அமெரிக்கன் ப்ராஸ்பெக்ட்' என்ற இடதுசாரிச் சாய்வுள்ள இதழில் வேலை பார்த்தார். 2000 நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்றது புஷ்ஷா கோரா என்று தெரியாமல் புளோரிடாவில் வாக்குகளைத் திரும்ப எண்ணும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, இதழ் வெளிவரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தன் வலைப்பதிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இதழின் வேலையையும் விட்டுவிட்டார். பிறகு அங்கங்கே கட்டுரை எழுதிக் கொடுத்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் பதிவு.

அவர் பெயர் வெளியே தெரிந்தது 2002 டிசம்பரில். ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டருக்கு நூறு வயது நிறைந்த விழா. இந்தத் தர்மண்ட் 1948இல் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற கொள்கையோடு அதிபர் தேர்தலில் நின்றவர். விழாவில் பேசிய ட்ரென்ட் லாட், செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவர், அன்று எங்கள் மிசிசிப்பி அவருக்கு வாக்களித்தது, நாடு முழுவதும் அப்படிச் செய்திருந்தால் இத்தனை பிரச்சினைகள் வந்திருக்காது என்ற பொருளில் சொல்லிவிட்டார். நிருபர்கள் உட்கார்ந்திருந்த சபை. தொலைக்காட்சியிலும் வந்தது. பெரிய பத்திரிகைகளில் ஒன்றிரண்டு தவிர யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழா மேடையில் பெரியவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்வது எந்த ஊரில்தான் இல்லை?

மார்ஷல் அங்கே விடவில்லை. கறுப்பு வெள்ளை மாணவர்கள் காதலிப்பதைத் தடைசெய்து வைத்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆதரவாக 80களின் தொடக்கத்தில் லாட் நீதிமன்றத்தில் கொடுத்த மனுவை எடுத்துப் போட்டார். பழைய தெற்கின் பெருமையைப் பாடும் ஒரு பத்திரிகைக்கு லாட் 1984இல் கொடுத்த பேட்டியை எடுத்துப் போட்டார். வாய் தவறி வந்த பேச்சு என்ற சமாதானம் இனிச் செல்லாது என்று ஆகிவிட்டது. தினமும் இரண்டு மூன்று பதிவு. வேறு வலைப்பதிவர்களும் சேர்ந்துகொண்டார்கள், அதில் லாட்டின் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். பெரிய பத்திரிகைகள் பின்னால் வந்தன. டிசம்பர் 5இல் பேச்சு. டிசம்பர் 20இல் லாட் பதவி விலகினார். ஹார்வர்டின் கென்னடி பள்ளி பிறகு இதைப் பாடமாகவே எழுதி வைத்திருக்கிறது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் எதையும் ரகசியமாகத் திருடிக் கொண்டுவரவில்லை. எல்லாம் பொதுவெளியில் கிடந்த காகிதம்.

சரி, இத்தனைக்கும் அவருக்கு வருமானம் என்ன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2003இன் பிற்பகுதியில் அவர் வாசகர்களிடம் முதல்முறையாகக் கை நீட்டினார். நியூ ஹாம்ப்ஷயரில் நடக்கும் கட்சி வேட்பாளர் தேர்தலை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், பயணச் செலவு கொடுப்பீர்களா என்று கேட்டார். ஒரே நாளில் ஐயாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாக வந்துவிட்டது. 'போதும், இனி அனுப்பாதீர்கள்' என்று நிறுத்திவிட்டார். வந்துகொண்டிருக்கும் பணத்தை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்? சிற்றிதழ் நடத்திய சிலர் இந்த அரங்கில் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. ஆனால் இதில் கணக்கும் இருக்கிறது. இன்ன வேலைக்கு இவ்வளவு என்று கேட்டு, வேலையைச் செய்தும் காட்டினால், அடுத்த முறை கேட்கும்போது கதவு திறக்கும். அதே காலத்தில் வலைப்பதிவுகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் 'பிளாக்ஆட்ஸ்' என்ற சிறு நிறுவனம் வந்திருந்தது. அதன் வழியாக விளம்பர வருமானமும் தொடங்கியது.

2005இல் அதிபர் புஷ் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்காக மாற்ற முனைந்தார். நாடாளுமன்றத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கேட்டால் மழுப்புவார்கள். மார்ஷல் இரண்டு பட்டியல் போட்டார். எதிர்க்க வேண்டிய ஜனநாயகக் கட்சியில் தடுமாறுகிறவர்கள் ஒன்றில். அதிபரின் சொந்தக் கட்சியிலேயே திட்டத்தைப் பிடிக்காதவர்கள் இன்னொன்றில். பட்டியலை நிரப்பியது வாசகர்கள். அவரவர் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, 'உங்கள் நிலை என்ன?' என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதி அனுப்பினார்கள். ஓர் அலுவலகம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொன்னால் அதுவும் வந்துவிடும். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் நிருபர் ஒருவருக்கு இத்தனை தொகுதிகளிலும் ஆள் வைக்க எந்த முதலாளி பணம் கொடுப்பார்? தொகுதியின் வாக்காளரே கேட்கும்போது மழுப்புவதும் கடினம். அந்தத் திட்டம் கடைசிவரை வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதற்கு இந்தப் பட்டியல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்சங்கங்களும் முதியோர் அமைப்புகளும் பெரிய அளவில் எதிர்த்தன. ஆனால் வாசகரைக் கொண்டு செய்தி சேகரிக்க முடியும் என்பது அன்றைக்கு மார்ஷலுக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்து, சான் டியேகோவைச் சேர்ந்த ராண்டி கன்னிங்ஹம் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு 2005 நவம்பரில் பதவி விலகினார். இந்த மாதிரி ஊழல்களை மட்டும் தொடர்ந்து துருவுவதற்கென்று வாசகரிடம் பணம் திரட்டி, பால் கீல், ஜஸ்டின் ரூட் என்ற இரண்டு இளம் நிருபர்களை வேலைக்கு வைத்து, 2006இல் தனித் தளம் ஒன்றை மார்ஷல் தொடங்கினார். மன்ஹாட்டனில் பூக்கடைகள் நிறைந்த பகுதியில் சிறிய அலுவலகம். வாசகரின் காசில் நிருபர் சம்பளம் என்பது அன்றைக்குப் புதுசு.

இப்போது 2007க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் சார்பில் குற்ற வழக்கு நடத்த மாவட்டவாரியாக 93 தலைமை வழக்கறிஞர்கள் உண்டு. அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். புது அதிபர் வந்தால் மொத்தமாக மாற்றுவது வழக்கம்தான். தான் நியமித்தவர்களையே பதவிக்காலத்தின் நடுவில் வரிசையாக அனுப்புவது வழக்கமில்லை. ஆர்கன்சாவில் ஒருவர் போய், அந்த இடத்துக்கு வெள்ளை மாளிகையின் அரசியல் ஆலோசகர் கார்ல் ரோவிடம் வேலை பார்த்த ஒருவர் வந்தார். அங்குள்ள உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. சான் டியேகோவில் கேரல் லாம் விலகச் சொல்லப்பட்டார் என்று அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது. கன்னிங்ஹமை உள்ளே தள்ளியவர் இந்த லாம்தான். நெவாடாவிலும் ஒருவர். ஒவ்வொன்றும் அந்தந்த ஊருக்கு ஒரு பத்திச் செய்தி. உள்ளூர்ப் பத்திரிகைகளை எல்லாம் படித்து, படிக்காததை வாசகர் அனுப்பி, அத்தனையையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் இது வேறு மாதிரித் தெரிந்தது. முந்தைய ஆண்டு ஒரு சட்டத்துக்குள் சத்தமில்லாமல் செருகப்பட்ட ஒரு பிரிவு, இப்படிக் காலியாகும் இடங்களில் செனட் ஒப்புதல் இல்லாமலே ஆள் போட வழி செய்திருந்தது என்பதும் சேர்ந்தபோது படம் முழுமையானது.

'டைம்' பத்திரிகையின் வாஷிங்டன் பொறுப்பாளராக இருந்த ஜே கார்னி, இல்லாத சதியை இவர்கள் பார்க்கிறார்கள் என்று ஜனவரியில் எழுதினார். மார்ச்சில் தான் சொன்னது தவறு என்று எழுதி, மார்ஷலைப் பாராட்டவும் செய்தார். கார்னி பின்னாளில் ஒபாமாவின் செய்திச் செயலாளர் ஆனார்.

மார்ச் 19ஆம் தேதி இரவு நீதித் துறை ஏறக்குறைய 3,000 பக்கங்களை நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்தது. பெரும்பாலும் அதிகாரிகளுக்குள் போய்வந்த மின்னஞ்சல்கள். அச்சிட்டு, சில வரிகளைக் கறுப்பாக அடித்து, ஸ்கேன் செய்தவை. இரவு நேரத்தில் மூட்டையாகக் காகிதத்தைக் கொட்டுவது எல்லா அரசாங்கத்துக்கும் தெரிந்த வித்தை. நிருபர் படித்து முடிப்பதற்குள் செய்தி ஆறிவிடும். மார்ஷலின் அலுவலகத்தில் மொத்தமே ஒரு கைப்பிடி ஆட்கள். அவர்கள் வாசகர்களிடம் சொன்னார்கள்: கோப்புகள் இங்கே இருக்கின்றன, ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பட்டதை எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விடிவதற்குள் குறிப்புகள் குவிந்துவிட்டன. வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், தூக்கம் வராதவர்கள், எல்லோரும் படித்தார்கள். பக்க எண் இருந்ததால் நிருபர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சரிபார்க்க முடிந்தது. அந்தப் பக்க எண்தான் இந்த முறையின் உயிர். அது இல்லையென்றால் வெறும் வதந்தி.

அந்த இரவில் வெளிவந்த பெரிய விஷயம் காகிதத்தில் இருந்தது அல்ல, இல்லாதது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, சுமார் 18 நாட்களுக்கு, மின்னஞ்சலே அநேகமாக இல்லை என்பதை வாசகர் ஒருவர் கவனித்தார். வழக்கறிஞர்களுக்குப் போன் போட்டு விலகச் சொன்னது டிசம்பர் 7. அதாவது முடிவெடுத்த நாட்கள் மட்டும் காணவில்லை. வாட்டர்கேட் ஊழலின்போது அதிபர் நிக்சனின் ஒலிநாடாவில் 18½ நிமிடம் காணாமல் போன நினைவு அமெரிக்கர்களுக்கு வராமல் இருக்குமா? மறுநாள் பெரிய பத்திரிகைகள் எல்லாம் இதைக் கேட்டன. ஆகஸ்ட் 27ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் ஆல்பெர்ட்டோ கொன்சாலஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். செனட்டைத் தாண்டிப் போகும் அந்தச் சட்டப் பிரிவை அதற்கு முன்பே நாடாளுமன்றம் ரத்து செய்திருந்தது. 2008 பிப்ரவரியில், சட்டத் துறைச் செய்திகளுக்கான ஜார்ஜ் போக் விருது மார்ஷலின் தளத்துக்கு அறிவிக்கப்பட்டது. இணையத்தில் மட்டும் இயங்கும் ஒரு செய்தித் தளம் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

விருது வாங்கியவர்கள் மூடிப்போன கதை நிறைய இருக்கிறது. பஸ்ஃபீட் செய்திப் பிரிவு 2021இல் புலிட்சர் வாங்கியது, 2023இல் மூடிவிட்டார்கள். மார்ஷலுக்கும் விளம்பரத்தை நம்பி ஓடிய காலம் ஒன்று இருந்தது. அரசியல் சூடாக இருந்தால் கூட்டம் வரும், விளம்பரமும் வரும். பிறகு விளம்பரச் சந்தை கூகுளின் கைக்குள் போனது. 2017 செப்டம்பரில் 'கூகுளின் பண்ணையில் ஒரு பண்ணையாள்' என்ற பொருளில் தலைப்பு வைத்து அவர் எழுதிய கட்டுரை, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. விளம்பரத்தைப் பக்கத்தில் வைக்கும் மென்பொருள் கூகுளுடையது. விளம்பர இடத்தை ஏலம் விடும் சந்தை கூகுளுடையது. வாசகரைக் கொண்டுவரும் தேடுபொறி கூகுளுடையது. அலுவலகத்தின் மின்னஞ்சல்கூட அவர்களுடையது. வெறுப்புப் பேச்சு விதியை மீறிவிட்டீர்கள் என்று ஒருநாள் அறிவிப்பு வருகிறது. எந்தப் பக்கம் என்று பார்த்தால், சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பர்களைச் சுட்டுக் கொன்ற டிலன் ரூஃபின் இனவெறி பற்றிய செய்தி. வெறுப்பைப் பரப்புவதற்கும் வெறுப்பைப் பற்றிச் செய்தி எழுதுவதற்கும் அந்த இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேல்முறையீடு என்று போய் நிற்க ஒரு மனிதர் கிடையாது. அவர் எழுதிய எட்டாவது ஆண்டில், 2025 ஏப்ரலில், அந்த விளம்பரச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. 2012லேயே சந்தா முறையைத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு அவர் சகாக்கள் எல்லாம் முதலீட்டாளர்களைத் தேடி, மாதம் எத்தனை கோடிப் பேர் வந்து போகிறார்கள் என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வந்து போகிறவருக்கும் இருக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் மார்ஷலுக்குத் தெரிந்திருந்தது. இரவெல்லாம் விழித்து 3,000 பக்கத்தைப் படித்தவர்கள் வருடச் சந்தா கட்ட மாட்டார்களா? கட்டினார்கள். சில ஆண்டுகளில் வருமானத்தின் பெரும்பகுதி சந்தாவிலிருந்து வரத் தொடங்கியது. விளம்பரம் உபரியாக ஆனது. கட்ட முடியாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவச உறுப்பினர் வசதி இருக்கிறது, அந்தச் செலவுக்கு மற்ற வாசகர்கள் நன்கொடை தருகிறார்கள். 2018இல் அவருடைய ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது நிர்வாகம் அங்கீகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஊழியர்கள் சங்கம் சேர வாக்களித்த ஒரே வாரத்தில் 'கோதமிஸ்ட்' தளத்தை அதன் முதலாளி இழுத்து மூடியிருந்தார்.

குறை இல்லையா? இருக்கிறது. மார்ஷலின் வாசகர்கள் பெரும்பாலும் ஒரே அரசியல் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களே சம்பளம் கொடுக்கிறவர்கள் என்றால், அவர்களுக்குக் கசப்பானதை எழுத ஆசிரியருக்குத் துணிச்சல் கூடுதலாக வேண்டும். விளம்பரதாரருக்குப் பயப்படுவது போய் வாசகருக்குப் பயப்படும் நிலை வந்துவிடலாம், இரண்டும் பயம்தான். சந்தாச் சுவருக்குப் பின்னால் நல்ல செய்தி போய்விட்டால், வெளியே இலவசமாகக் கிடப்பது பெரும்பாலும் பொய்யாக இருக்கும் என்ற கவலையும் நியாயமானது. சந்தா முறை பெரிய நிறுவனத்தையும் உருவாக்காது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அது சிறிய செய்தி அறைதான். என் கட்சி, இந்தக் குறைகளோடும் இதுவே தேறுகிற வழி. மற்ற வழிகளில் போனவர்களுக்கு இந்தக் குறைகளைப் பற்றிக் கவலைப்படக்கூடப் பத்திரிகை மிஞ்சவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் நாலைந்து பேராவது சொந்தமாகத் தளமோ சேனலோ தொடங்கும் எண்ணத்தில் இருப்பீர்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணைத் தினமும் பார்ப்பதை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். உங்கள் ஊராட்சியின் வரவு செலவையோ, நகராட்சியின் ஒப்பந்தப் பட்டியலையோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதை முழுசாகப் போட்டு, ஆளுக்குப் பத்துப் பக்கம் படித்துப் பக்க எண்ணோடு சொல்லுங்கள் என்று வாசகரிடம் கேளுங்கள். எத்தனை பேர் வருகிறார்களோ, அவர்களிடம் சந்தா கேட்கக் கூச்சப்படாதீர்கள்.